சைக்கிளில் கியரும் பிரேக்கும் மாற்றும் முன்: எது எதோடு சேரும்?

இங்கே உள்ளவை பெரும்பாலும் முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று 21 கியரோடு, வி-பிரேக்கோ (ரிம்மை இரு பக்கமும் கட்டையால் அழுத்துவது) கேபிள் டிஸ்க்கோ (சக்கர நடுவில் உள்ள தகட்டை ஒயர் இழுத்துப் பிடிப்பது) வைத்து வரும் எம்டிபி (மலைப்பாதைச் சைக்கிள்), ஹைப்ரிட் (எம்டிபி, ரோடு பைக் கலப்பு) சைக்கிள்களைப் பற்றிய சந்தேகங்கள். "போட்டுடலாம், எல்லாம் ஒண்ணுதான்" என்ற பதிலை நம்பி வாங்கிய பார்ட்ஸ் பாதிப்பேர் வீட்டில் டப்பாவில் கிடக்கிறது. அந்த டப்பா சேராமல் இருக்கத்தான் இந்தப் பக்கம்.

1. பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி சைக்கிள்ல என்னென்ன பார்த்து எழுதி வைக்கணும்?

பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சு உட்காரும் இரண்டு தாடைகளுக்கும் இடையே உள்ளகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். எம்டிபி, ஹைப்ரிட் என்றால் அநேகமாக 135 மி.மீ., ரிம் பிரேக் ரோடு பைக் என்றால் 130 மி.மீ. வரும். சக்கரம் கையில் இருக்கும்போதே பின்பற்களின் (பின்னால் அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களின்) எண்ணிக்கை, மிகச் சிறியதிலும் மிகப் பெரியதிலும் எத்தனை பல், அது ஃப்ரீவீலா கேசட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டெரெய்லரின் (செயினைப் பல் விட்டுப் பல் தள்ளும் கருவி) உட்பக்கம், ஷிஃப்டரின் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் பிடி) அடிப்பக்கம், பிரேக் லீவர், காலிப்பர் (சக்கரத்தருகே இருந்து பிடிக்கும் பிரேக் பகுதி) ஆகியவற்றில் பொறித்திருக்கும் மாடல் எண்களை போட்டோ எடுங்கள். "ஷிமானோ" என்று மட்டும் கடையில் சொல்வதால் பயனில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு பொருட்கள் சேராமல் போவது சகஜம், எண்தான் பேசும். கடைசியாக, ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் காலிப்பர் மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. என் சைக்கிள்ல இருக்கிறது ஃப்ரீவீலா, கேசட்டா? பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு?

பின்பற்களை பெடல் பின்னால் சுற்றும் திசையில் கையால் சுழற்றுங்கள். நடுவில், ஸ்பேனர் டூல் நுழையும் வரிப்பள்ளங்கள் தெரியும். பற்களோடு சேர்ந்து அந்த வளையமும் சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, நடு வளையம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். 7 கியர் சைக்கிளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும்.

ஃப்ரீவீல் என்பது பற்களும் 'டிக் டிக்' சத்தம் போடும் நாய்ப்பல் அமைப்பும் ஒரே கட்டியாக, ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) மரை வழியாக இறுகுவது. கேசட்டில் நாய்ப்பல் அமைப்பு ஹப்பிலேயே இருக்கும். அந்த உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர். அதன் மேல் பற்கள் சொருகி லாக்ரிங்கால் இறுக்கப்படும். கழற்றும் டூலும் வேறு வேறு. ஃப்ரீவீல் ஒவ்வொரு மிதிக்கும் தானாகவே இறுகிக்கொண்டே போயிருக்கும் என்பதால், கழற்ற நீளமான பிடி வேண்டும். டூல் நழுவாமல் இருக்க அச்சின் நட்டை லேசாக மேலே போட்டுப் பிடித்து, இளகிய உடனே நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைச் சுற்றுங்கள். மறந்தால் டூலின் வரியோ ஃப்ரீவீலின் வரியோ போய்விடும்.

3. 7 கியரை 8 இல்ல 9 ஆக்கணும். பின்னாடி பல்லை மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கிறதோ, அது பற்களின் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 7-ல் சுமார் 5 மி.மீ., 8-ல் 4.8, 9-ல் 4.35. ஆகவே ஷிஃப்டர் மாற வேண்டும், 9 என்றால் செயினும் மாற வேண்டும். டெரெய்லர் மட்டும் பெரும்பாலும் தப்பிக்கும். காரணம் அடுத்த கேள்வியில்.

இன்னொரு சிக்கல் ஹப். 8, 9 கியருக்கும் ஃப்ரீவீல் விற்கிறார்கள்தான். ஆனால் ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பால்ரஸ் பற்களுக்கு உள்ளே தள்ளி இருக்கும். அதைத் தாண்டி ஃப்ரேம் வரை அச்சு தாங்கலே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பல் கூடக்கூட அந்த நீளமும் கூடும். கனமான ஆள், குண்டும் குழியுமான ரோடு என்றால் அச்சு வளையும், சில சமயம் ஒடியும். ஃப்ரீஹப்பில் வலப்பக்க பால்ரஸ் வெளி ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எனவே 8-க்கோ 9-க்கோ போவதென்றால் 135 மி.மீ. ஃப்ரீஹப் உள்ள பின் சக்கரம், கேசட், ஷிஃப்டர், 9 என்றால் செயினும் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு 7-லேயே நல்ல ஷிஃப்டர் போட்டுக்கொண்டு திருப்தியாக ஓட்டுபவர்கள் உண்டு. அது தப்பான முடிவில்லை.

4. ஷிஃப்டர் ஒரு கம்பெனி, டெரெய்லர் வேற கம்பெனி. சேருமா?

கம்பெனியைப் பார்க்காதீர்கள், பெருக்கிப் பாருங்கள். ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிள் நீளத்தை, டெரெய்லரின் விகிதத்தால் (ஒரு மி.மீ. கேபிள் இழுத்தால் அது எத்தனை மி.மீ. நகரும் என்பது) பெருக்கினால் பற்களின் இடைவெளி வர வேண்டும். ஷிமானோவின் 7, 8, 9 கியர் டெரெய்லர்களின் விகிதம் சுமார் 1.7. அதன் 8 கியர் ஷிஃப்டர் இழுப்பது 2.8 மி.மீ.; பெருக்கினால் 4.76. 9 கியர் ஷிஃப்டர் 2.5 மி.மீ.; பெருக்கினால் 4.25. இரண்டும் மேலே சொன்ன இடைவெளிகளுக்கு ஒட்டியே வருகின்றன. அதனால்தான் 7 கியருக்கு வந்த ஷிமானோ டெரெய்லர் 8, 9 கியர் ஷிஃப்டரோடும் வேலை செய்கிறது.

ஷிமானோவின் 10 கியர் எம்டிபி டெரெய்லரின் விகிதம் 1.2தான், அதன் ஷிஃப்டர் 3.4 மி.மீ. இழுத்து ஈடுகட்டும். அந்த டெரெய்லரை 9 கியர் ஷிஃப்டரோடு இணைத்தால் 2.5 × 1.2 = 3 மி.மீ. ஒவ்வொரு கிளிக்குக்கும் 1.35 மி.மீ. குறை, மூன்றே கிளிக்கில் கிட்டத்தட்ட ஒரு முழுப்பல் பின்தங்கிவிடும். டியூனிங் எவ்வளவு செய்தாலும் இது தீராது. ஸ்ராமின் 9 கியர் எம்டிபி ஷிஃப்டர் இதற்கு நேர்மாறு: சுமார் 4 மி.மீ. இழுக்கும், அதன் டெரெய்லர் விகிதம் 1.1. அந்த ஷிஃப்டரை 1.7 டெரெய்லரோடு போட்டால் ஒரே கிளிக்கில் பல்லைத் தாண்டிக் குதிக்கும்.

2023-ல் ஷிமானோ கொண்டுவந்த க்யூஸ் வரிசைக்கு இழுவைக் கணக்கு தனி. ஷிஃப்டர், டெரெய்லர், கேசட் மூன்றையும் க்யூஸிலேயே எடுங்கள். மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட் வரிசையும் அப்படித்தான்: ஷிஃப்டரும் டெரெய்லரும் ஜோடியாக.

5. டெரெய்லரை மட்டும் நல்லதா மாத்தினா கியர் ஸ்மூத்தா விழுமா?

கொஞ்சம்தான். பழைய டெரெய்லரின் மூட்டுகள் ஆடிப்போயிருந்தால் வித்தியாசம் தெரியும். மற்றபடி அதே பணத்துக்குப் புது ஒயர், புது அவுட்டர் (ஒயர் ஓடும் உறை), ஒரு நல்ல ஷிஃப்டர் போட்டால் கிடைக்கும் முன்னேற்றம் அதிகம்.

மாற்றுவதென்றே முடிவானால், மாட்டும் விதத்தைக் கவனியுங்கள். சில ஃப்ரேமில் வலது தாடையிலேயே 10 மி.மீ. மரைத் துளை இருக்கும். டெரெய்லர் நேராக அதில் ஏறும். சிலவற்றில் துளையே இருக்காது. அச்சின் நட்டோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு கொக்கித் தகட்டில் டெரெய்லர் தொங்கும். தகடு இல்லாத மாடலை வாங்கிவிட்டுத் திண்டாடுவது அடிக்கடி நடக்கிறது.

6. கொல்லிமலை ஏறணும். பின்னாடி பெரிய பல் போட்டா டெரெய்லர் தாங்குமா?

இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, டெரெய்லர் ஏற்கும் அதிகபட்சப் பல். இரண்டு, மொத்தக் கொள்ளளவு. அதாவது அது எவ்வளவு தளர்ந்த செயினை இழுத்துப் பிடிக்கும் என்பது. இரண்டும் மாடல் எண்ணைத் தேடினால் கம்பெனியின் தகவல் தாளில் கிடைக்கும்.

கொள்ளளவுக் கணக்கு: முன் பெரியது கழித்தல் முன் சிறியது, பின் பெரியது கழித்தல் பின் சிறியது, இரண்டையும் கூட்டுங்கள். முன்னால் 42-34-24 பல், பின்னால் 14-28 பல் என்றால் 18 + 14 = 32. அதே சைக்கிளில் 14-34 ஃப்ரீவீல் போட்டால் 18 + 20 = 38. டெரெய்லரின் கொள்ளளவு 38-க்குக் குறைவாக இருந்தால், சின்னது-சின்னது சேரும்போது செயின் தொங்கும். அந்தக் கூட்டை யாரும் ஓட்டத் தேவையில்லை, பொறுத்துக்கொள்ளலாம். பெரியது-பெரியதில் செயின் நீளம் போதாமல் போவதுதான் ஆபத்து: டெரெய்லர் பிய்த்துக்கொண்டு ஸ்போக்ஸுக்குள் போகும். எனவே செயின் நீளத்தை எப்போதும் பெரியது-பெரியதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பலன் என்ன? 24/28 என்றால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சக்கரம் 0.86 சுற்று, 24/34 என்றால் 0.71. எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் 14-34 ஃப்ரீவீலில் 24-லிருந்து நேராக 34-க்குத் தாவும். நடுவில் எதுவும் இல்லை. கடைசிக் கியரை அவசரத்துக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது போதும்.

7. எந்த செயின் வாங்கணும்? எல்லாம் ஒரே சைஸ்னு சொல்றாங்களே?

கண்ணிகளின் நீளம் எல்லாவற்றிலும் அரை அங்குலம்தான். வேறுபடுவது வெளியகலம். 7, 8 கியர் செயின் சுமார் 7.1 மி.மீ., 9-க்கு 6.6, 10-க்கு 5.9, 11-க்கு 5.5. தடித்த செயினை நெருங்கிய பற்களில் போட்டால் பக்கத்துப் பல்லில் உரசும். ஒற்றை வேக சைக்கிளின் தடித்த செயினும் கியருக்கு ஆகாது. இணைப்புக் கண்ணியும் அதே எண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

நீளம்: டெரெய்லர் வழியாக விடாமல், முன் பெரிய பல்லையும் பின் பெரிய பல்லையும் சுற்றிச் செயினை இழுத்துப் பிடியுங்கள். சேரும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அங்குலம், அதாவது ஒரு அகலக் கண்ணியும் ஒரு குறுகிய கண்ணியும், கூட்டி வெட்டுங்கள்.

8. புது செயின் போட்டதுக்கு அப்புறம்தான் ஏத்தத்துல மிதிச்சா 'டக் டக்'னு வழுக்குது. செயின் டூப்ளிகேட்டா?

செயின்மேல் பழி போடாதீர்கள். பழைய செயின் நீண்டு, பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கிறது. புதுக்கண்ணி அந்தப் பள்ளத்தில் உட்காராமல் ஏறி வழுக்குகிறது. அதிகம் ஓட்டிய ஒன்றிரண்டு பற்களில் மட்டும் வழுக்கினால் சந்தேகமே வேண்டாம். ஃப்ரீவீலையோ கேசட்டையோ மாற்ற வேண்டும்.

அடுத்த முறை இது வராமல் இருக்க அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். 24 கண்ணி தள்ளி வரும் பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 12-ஐத் தாண்டி 1/16 அங்குலம் போனால் புது செயினுக்கு நேரம். 1/8 போய்விட்டால் பற்களும் சேர்ந்து போயிருக்கும்.

9. முன்னாடி மூணு பல்லையும் எடுத்துட்டு ஒரே பல்லா மாத்தலாமா?

பின்னால் 7 கியர் ஃப்ரீவீலை வைத்துக்கொண்டு வேண்டாம். முன்னால் 32, பின்னால் 34 என்றால் விகிதம் 0.94. முந்தைய 0.71-ஐ இழந்துவிட்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். முன்னால் ஒற்றைப்பல் என்பது பின்னால் 11-42 போன்ற அகலக் கேசட் இருந்தால்தான் பொருள்படும் (32/42 = 0.76). அதற்கு மூன்றாம் கேள்வியில் சொன்ன ஃப்ரீஹப் சக்கரம் தேவை.

கிராங்கையும் (முன்பற்களோடு சேர்ந்த பெடல் தண்டு) பாருங்கள். விலை குறைந்தவற்றில் மூன்று பற்களையும் ரிவெட் அடித்திருப்பார்கள். தனியாகக் கழற்ற முடியாது. போல்ட் போட்டதாக இருந்தால் போல்ட் வட்டத்தின் விட்டத்தை அளந்து (எம்டிபியில் 104 மி.மீ. பரவலானது) அதற்குரிய பல் வாங்கலாம். வாங்கும்போது ஒரு பல் தடித்தும் அடுத்தது மெலிந்தும் மாறி மாறி வரும் வகையாகக் கேளுங்கள். முன் டெரெய்லர் போன பிறகு செயினைக் கழலாமல் பிடிப்பது அதுதான். கிராங்க் மாற்ற பிபி (கிராங்கின் அச்சைத் தாங்கும் பால்ரஸ் பகுதி) கழற்றினால், ஆங்கில மரை உள்ள ஃப்ரேமில் வலப்பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை. இளக்குவதற்குக் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். எதிர்த்திசையில் பலம் காட்டி மரையை முடித்தவர்கள் ஏராளம்.

10. வி-பிரேக்கை எடுத்துட்டு டிஸ்க் போடணும். என்ன செலவாகும்?

செலவுக்கு முன்னால், முடியுமா என்பதே கேள்வி. மூன்று இடம் பாருங்கள். ஃபோர்க்கின் இடக்காலில் காலிப்பர் மாட்டும் துளைகள் உண்டா? ஃப்ரேமின் பின் இடப்பக்கத்தில் உண்டா? ஹப்பில் ரோட்டர் (டிஸ்க் தகடு) மாட்டும் இடம் உண்டா? வி-பிரேக் சைக்கிளின் ஹப்பில் அநேகமாக இருக்காது. அப்படியென்றால் சக்கரம் புதிது.

ஃப்ரேமில் துளை இல்லையென்றால் கிளாம்ப் போட்டு மாட்டும் அடாப்டர் விற்கிறது. வாங்காதீர்கள். டிஸ்க் பிடிக்கும்போது வரும் விசை முழுவதும் அந்த மெல்லிய குழாயில் இறங்கும். அது அதற்காகச் செய்த குழாய் இல்லை. வெல்டிங் வைப்பதும் அதே கதை, அலுமினிய ஃப்ரேமில் இன்னும் மோசம். முன் ஃபோர்க்கை டிஸ்க் ஃபோர்க்காக மாற்றி, முன்னால் மட்டும் டிஸ்க் வைப்பது நியாயமான வழி. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். ஃபோர்க் தண்டின் விட்டமும் (1 அங்குலமா, 1 1/8-ஆ) அதில் மரை உண்டா இல்லையா என்பதும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அச்சு நட்டையோ குயிக் ரிலீஸையோ நன்றாக இறுக்குங்கள்: டிஸ்க் பிடிக்கும்போது முன் சக்கரத்தைத் தாடையிலிருந்து கீழே தள்ளும் விசை பிறக்கும்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று: ரிம் பளபளவென்ற ஸ்டீலா? மழையில் பிரேக் பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அலுமினிய ரிம்மும் நல்ல பிரேக் கட்டையும் போட்டால் டிஸ்க் ஆசையே போய்விடலாம்.

11. கேபிள் டிஸ்க்ல இருந்து ஹைட்ராலிக்குக்கு மாத்தறது கஷ்டமா?

ஃப்ரேமில் ஏற்கெனவே டிஸ்க் இருந்தால் இதுதான் இருப்பதிலேயே எளிய மேம்பாடு. லீவர், குழாய், காலிப்பர் எண்ணெய் நிரப்பியே செட்டாக வரும். பார்க்க வேண்டியது காலிப்பர் மாட்டும் வகை. துளைகள் சக்கரத்துக்குக் குறுக்காக, நடுவுக்கு நடு 51 மி.மீ. இருந்தால் ஐஎஸ்; மரையுள்ள துளைகள் முன்பின்னாக 74 மி.மீ. இடைவெளியில் இருந்தால் போஸ்ட் மவுண்ட். இன்றைய காலிப்பர்கள் பெரும்பாலும் போஸ்ட் மவுண்ட். ஐஎஸ் ஃப்ரேமுக்கு அடாப்டர் உண்டு, அது ரோட்டர் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பலர் சிக்குவது லீவரில். விலை குறைந்த சைக்கிளில் பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே உடம்பாக இருக்கும். பிரேக்கை எடுத்தால் கியரும் போகும். அப்போது தனி ஷிஃப்டர் ஒரு ஜோடியும் வாங்க வேண்டும். இன்னொன்று, நம் ஊரில் முன் பிரேக் வலக்கையில் இருக்கும். சில நாடுகளுக்கு அனுப்பும் செட்டில் இடக்கையில் இருக்கும். குழாய் நீளத்தைப் பார்த்தே தெரியும். வாங்கும்போது கேளுங்கள், இல்லையென்றால் குழாயை இடம் மாற்றிக் காற்று எடுக்க வேண்டியிருக்கும்.

12. பைக்குக்கு ஊத்துற பிரேக் ஆயிலையே இதுக்கும் ஊத்தலாமா?

ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்குக் கூடாது. அவை மினரல் ஆயில். மோட்டார் பைக்கில் ஊற்றுவது டாட் வகை. மினரல் ஆயிலுக்கான ரப்பர் சீல் டாட்டில் கெடும்; டாட்டுக்கான சீல் மினரல் ஆயிலில் உப்பும். ஒருமுறை கலந்தால் கழுவிச் சரிசெய்ய முடியாது, சீல்கள் போனது போனதுதான். லீவரின் மூடியில் எதை ஊற்ற வேண்டும் என்று பொறித்திருக்கும். அதற்கு மேல் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

13. வி-பிரேக் லீவரை வச்சே கேபிள் டிஸ்க் இழுக்கலாமா? ரோடு பைக் லீவர் வி-பிரேக்குக்கு ஆகுமா?

நான்காம் கேள்வியின் கணக்கு பிரேக்குக்கும் உண்டு. வி-பிரேக்குக்கும் எம்டிபி வகைக் கேபிள் டிஸ்க்குக்கும் நிறைய கேபிள் இழுக்கும் லீவர் வேண்டும். பழைய கேன்டிலீவர், ரோடு காலிப்பர், ரோடு வகைக் கேபிள் டிஸ்க் ஆகியவற்றுக்குக் குறைவாக இழுப்பது வேண்டும். ஒரே காலிப்பர் மாடல் எம்டிபி, ரோடு என்று இரண்டு வகையாகவும் வரும், பெட்டியைப் படியுங்கள்.

தப்பாகச் சேர்த்தால் கை ஏமாற்றும். ரோடு லீவரில் வி-பிரேக் போட்டால் லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டும், கட்டை ரிம்மை முழுதாக அழுத்தாது. வி-பிரேக் லீவரில் காலிப்பர் போட்டால் கல் மாதிரி கெட்டியாக, 'நல்லா பிடிக்குது' என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால் நிற்காது. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் கடையில் நிறுத்தி வைத்துச் சோதிக்கும்போது தெரியாது.

14. டிஸ்க் பெருசா இருந்தா நல்லா பிடிக்குமாமே, 160-க்கு பதிலா 180 போடட்டுமா?

போடலாம், காலிப்பரைத் தள்ளி வைக்கும் அடாப்டரோடு, ஃபோர்க் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள். ஹப்பில் ஆறு போல்ட் துளை இருந்தால் ஆறு போல்ட் ரோட்டர்தான். வரிப்பள்ளம் உள்ள சென்டர்லாக் ஹப்புக்கு அடாப்டர் வைத்து ஆறு போல்ட் ரோட்டர் போடலாம், தலைகீழாக முடியாது.

ரோட்டரில் 'ரெசின் பேட் (டிஸ்க்கைப் பிடிக்கும் கட்டை) மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள். மென்மையான அந்த எஃகு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5 ஆனால் மாற்ற வேண்டும். புது பேட் போட்டதும் மிதமான வேகத்திலிருந்து இருபது முறையாவது மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள். சத்தம் வருகிறது என்று எண்ணெய் விட்டவர் புது பேட் வாங்க வேண்டியதுதான்.

15. தாத்தாவோட 28 இன்ச் ராட் பிரேக் சைக்கிளுக்கு ஒயர் பிரேக் போட முடியுமா?

ரிம்மை மாற்றாமல் முடியாது. ராட் பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தை, ஹப்பைப் பார்த்த முகத்தை, அழுத்துகிறது. அந்த ரிம்மின் பக்கவாட்டு உருண்டையானது; காலிப்பர் கட்டைக்கு உட்காரத் தட்டையான முகமே இல்லை. 28 × 1½ டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. எளிதாகக் கிடைக்கும் 700சி அலுமினிய ரிம் 622. அதாவது பிரேக் முகம் 6.5 மி.மீ. உள்ளே இறங்கும், நீண்ட கால் உள்ள காலிப்பர் தேவைப்படும். கூடவே, இந்தச் சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் வழக்கம். 36 துளை ரிம் வாங்கிவந்தால் ஹப்பும் மாற வேண்டும். துளையை எண்ணிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

16. கியர் அவுட்டர் மீதி கிடக்கு, பிரேக்குக்கு போடலாமா?

கூடவே கூடாது. கியர் அவுட்டரின் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் நிற்கும். பிரேக்கின் அழுத்தத்தில் பிளந்து வெளியே வரும், அதுவும் பலமாகப் பிடிக்கும் நேரத்தில். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக இருக்கும், தடிமன் 5 மி.மீ. அதைக் கியருக்குப் போட்டால் ஆபத்தில்லை, ஆனால் சுருள் அமுங்கி அமுங்கிக் கிளிக் சரியாக விழாது.

17. எல்லாம் பொருத்தமா வாங்கிப் போட்டாச்சு. ரெண்டு பக்கமும் சரியா விழுது, நடு கியர்ல மட்டும் கரகரன்னு சத்தம். ஏன்?

டெரெய்லர் தொங்கும் தாடை வளைந்திருக்கும். சைக்கிள் வலப்பக்கமாக ஒருமுறை விழுந்தாலே போதும். பின்னால் நின்று பாருங்கள்: டெரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பற்களுக்கு நேர்கீழே, ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் நிமிர்த்தும் டூல் உள்ள கடைக்குப் போங்கள். தனியாகக் கழலும் ஹேங்கர் என்றால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் வேறு. பழையதை எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

18. கிடைச்ச பார்ட்ஸ்ல ஷிஃப்டர் மட்டும் கணக்குக்கு வரமாட்டேங்குது. எல்லாத்தையும் திரும்ப மாத்தணுமா?

கிளிக் இல்லாத ஷிஃப்டர் ஒன்று போட்டுப் பாருங்கள். அதில் கிளிக்குக்கு இவ்வளவு என்ற கணக்கே இல்லை. செயின் விழும் இடம்வரை நீங்கள் தள்ளுகிறீர்கள், அது அங்கேயே நிற்கிறது. நான்காம் கேள்வியின் பெருக்கல் முழுவதும் இங்கே செல்லாது. 7-ஆ 9-ஆ, எந்தக் கம்பெனி என்று பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஆறாம் கேள்வியின் இரண்டு எண்களும், ஏழாம் கேள்வியின் செயின் அகலமும் அப்படியே பொருந்தும். எச், எல் ஸ்க்ரூ (டெரெய்லர் இரு ஓரங்களிலும் எவ்வளவு தூரம் போகலாம் என்று நிறுத்துபவை) இரண்டையும் கவனமாக வையுங்கள். கிளிக் இல்லாதபோது செயின் ஸ்போக்ஸுக்குள் போகாமல் தடுப்பது எல் ஸ்க்ரூ ஒன்றுதான்.